பார் நீளம்: தொரப்பள்ளி வட்டாரத்துப் பழைய ரோடு சைக்கிள் குறித்து ஓர் அளவையியல் ஆய்வு

தொரப்பள்ளியைச் சுற்றி அளப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் திரளாக வாழ்கிறார்கள். ஓசூரின் தொழிற்சாலைகளில் கடிகாரம் செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள். அவற்றுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிப்காட்டைச் சுற்றி எத்தனையோ. ஆகவே வெர்னியர் பிடித்துப் பழகாத கை இப்பக்கம் குறைவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, அதில் பத்துக் கூறு மிஞ்சினால் பாகத்தைச் சிவப்புப் பெட்டியில் போடும் மனிதர், விடுமுறை நாளில் பெங்களூர் போய்ப் பழைய ரோடு சைக்கிள் வாங்கும்போது கையில் ஒரு நூல்கூட எடுத்துப்போவதில்லை. அங்கே அவருடைய ஒரே அளவைக் கருவி கண். அதுவும் சைக்கிளின் நிறத்தைவிட்டு அகலாது. இந்த முரண்பாடு ஆய்வுக்கு உரியது. பழைய ரோடு சைக்கிள் ஒருவருக்குப் பொருந்துமா என்பதை அதன் உயரமோ எடையோ விலையோ முடிவு செய்வதில்லை, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் பாரின் நீளமே முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. மலைச் சைக்கிள், புதுச் சைக்கிள், பால் கேன் தொங்கும் சைக்கிள் ஆகியவை ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. புதியவர் எனப்படுபவர், ஹெல்மெட்டும் பஞ்சு வைத்த கால்சட்டையும் ஏற்கெனவே வாங்கிவிட்டு, அவற்றுக்கு ஏற்ற சைக்கிளைத் தேடிக்கொண்டிருப்பவர் என்க.

தேடும் இடம் பெரும்பாலும் மாநில எல்லைக்கு அப்பால்தான் அமைகிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர். 2020 ஊரடங்கின்போது நாடு முழுவதும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கலாம். அன்று ஆசையோடு வாங்கப்பட்டவற்றில் ஒரு பகுதி பால்கனியில் துணி காயப்போடும் பணியை ஆற்றிவிட்டு, இப்போது ‘அதிகம் ஓட்டாதது’ என்ற சான்றிதழோடு விற்பனைக்கு வருகிறது. சான்றிதழ் உண்மையானதே. ஏன் அதிகம் ஓட்டவில்லை என்ற கேள்வியை மட்டும் வாங்குபவர் கேட்பதில்லை. சோம்பல் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் உரிமையாளருக்கே அது பொருந்தாமல் இருந்திருக்கலாம் என்பது அதற்கு இணையான வலுவுள்ள ஊகம்.

உடலைச் சைக்கிளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் எப்போது அற்றுப்போனது என்பதற்கு வரலாறு ஏறத்தாழ ஓர் ஆண்டையே காட்டுகிறது. ராஜாஜி தொரப்பள்ளியில் பிறந்தது 1878 டிசம்பர் 10. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தட்டு அளவு. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருக்கும், செயின் கிடையாது. சக்கரம் பெரிதானால் ஒரு மிதிக்குப் போகும் தூரமும் கூடும். ஆனால் கால் எட்டும் அளவுக்கு மேல் சக்கரத்தைப் பெரிதாக்க முடியாது. எனவே காலை அளக்காமல் சைக்கிள் விற்கவே வழியில்லை. பொருந்தாத சைக்கிளில் ஏறிய நொடியே கீழே விழுந்து உண்மை தெரிந்துவிடும். 1885-இல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்ற பெயரில் செயின் பூட்டிய, இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவுள்ள சைக்கிளைக் கொண்டுவந்தார். பாதுகாப்பு வந்தது, கூடவே சக்கரத்துக்கும் காலுக்கும் இருந்த கட்டாய உறவு அறுந்தது. பொருந்தாத சைக்கிளையும் ஓட்டலாம் என்ற நிலையை உண்டாக்கியவர் ஸ்டார்லி. ராஜாஜிக்கு ஏழு வயது நிரம்புவதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. அவரைச் சைக்கிளில் ஏற்றும் நோக்கம் இக்கட்டுரைக்கு இல்லை. தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போன அவருடைய பாதை, இன்று சைக்கிள் தேடுவோர் போகும் பாதையாகவும் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அறுந்த உறவைத் தமிழ்நாட்டில் மீண்டும் கட்ட முயன்ற ஒரே நிறுவனம் வாடகை சைக்கிள் கடை. கால் சைக்கிள், அரை சைக்கிள், முக்கால் சைக்கிள், முழு சைக்கிள் என்று அது வகுத்த பிரிவு, இன்றைய கம்பெனிகளின் ‘எஸ், எம், எல்’ பிரிவைவிட நாணயமானது. எதன் எத்தனை பங்கு என்றாவது தெரிகிறது. ஆனால் அரை சைக்கிள் எல்லாம் வெளியே போயிருக்கும் நாளில் பையன்கள் முழு சைக்கிளையே எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்து, சீட்டை அக்குளில் இடுக்கி, குரங்குப் பெடல் போட்டார்கள். 2024-இல் இதே பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. உடல் சைக்கிளுக்குப் பொருந்தாவிட்டால் உடலை மடக்கிக்கொள்ள வேண்டும் என்ற பாடம் இங்கே பத்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பாரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். அது நமக்கு அளவு அன்று, இருக்கை. பாரில் தங்கை, கேரியரில் தம்பி என்று கணக்கிட்ட சமூகத்தில் பார் நீளமாக இருப்பது நல்லது என்ற கருத்து வேரூன்றியதில் வியப்பில்லை. ரோடு சைக்கிளின் பாரில் யாரும் உட்கார்வதில்லை என்றாலும் கருத்து மட்டும் இறங்க மறுக்கிறது. (ஓசூரில் 1980-இல் டிவிஎஸ் 50 பிறந்து, பார் என்ற பிரச்சினையையே பல குடும்பங்களுக்குத் தீர்த்துவைத்ததைத் தனிக் கட்டுரையாக ஆராயலாம்.)

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே முழு சைக்கிளை மாறி மாறி ஓட்டினார்களே, அரசுப் பள்ளிகளில் நெட்டையும் குட்டையுமான பிள்ளைகள் எல்லாரும் ஒரே அளவு சைக்கிளில் போகிறார்களே, யாருக்கு முதுகு ஒடிந்தது என்பாரும் உளர். உண்மைதான், ஆனால் காரணம் அந்தச் சைக்கிளின் வடிவத்தில் இருக்கிறது. அதன் ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்து வருகிறது. ஓட்டுபவர் நிமிர்ந்து உட்காருகிறார், உடம்பின் பாரம் முழுவதையும் ஸ்பிரிங் வைத்த சீட்டு தாங்குகிறது, கைகளுக்குத் திருப்புவதும் மணி அடிப்பதும் தவிர வேறு வேலை இல்லை. பார் நான்கு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் முழங்கை அதைச் சரிக்கட்டிவிடும். ரோடு சைக்கிளில் ஹேண்டில்பார் ஓட்டுபவரைவிட்டு முன்னால் போய், சீட்டுக்கு இணையாகவோ தாழ்வாகவோ நின்று, பிறகு கீழே வளைகிறது. உடம்பு முன்னே சாய்கிறது. பாரத்தில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு மாறுகிறது. அங்கே பார் நீளமானால் முழங்கை விறைக்கும், தோள் காதை நோக்கி ஏறும், பாதையைப் பார்க்கக் கழுத்து அண்ணாக்கும். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்திச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். அப்பாவின் சைக்கிள் மன்னித்த பிழையை இது மன்னிக்காது.

விற்பவர் சொல்லும் எண்ணை நம்பலாமா என்பது அடுத்த வினா. ‘ஐம்பத்தாறு’ என்கிறார். எது ஐம்பத்தாறு? பழைய வழக்கப்படி அது சீட் குழாயின் நீளம், சென்டிமீட்டரில். அதிலும் ஒரு கம்பெனி குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தது, இன்னொன்று நடுவிலிருந்து உச்சிக்கு அளந்தது. 1990-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் மைக் பரோஸ், ஜயன்ட் கம்பெனிக்காக டிசிஆர் என்ற சைக்கிளில் பாரைச் சீட்டுப்பக்கம் சரித்துச் சீட் குழாயைக் குட்டையாக்கினார். மூன்று அளவு செய்தால் போதும், மிச்சத்தை நீண்ட சீட் போஸ்ட்டும், ஹேண்டில்பாரைத் தாங்கும் வெவ்வேறு நீள ஸ்டெம்மும் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. கம்பெனிக்குச் சேமிப்பு, கடைக்காரருக்கு இடம் மிச்சம். மற்றவர்களும் பாரைச் சரித்தபின் சீட் குழாயின் எண் பொருளிழந்தது. சரியாத பார் இருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று கற்பித்த எண்ணைப் பல சைக்கிள்கள் இன்று சுமக்கின்றன. இல்லாத பாரின் நீளத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேரம் பேசத் தெரிந்த எல்லைப்புறத்து மனிதராலும் குறைக்க முடியாது.

ஆகவே எண்ணை விட்டு உடலுக்கு வருவோம். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் இறுக்கி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளப்பது உலக வழக்கு. சமய நூல்களைத் தவிர்க்கவும். கம்பெனியில் புத்தாண்டுக்குத் தரும் டைரி இதற்கென்றே அச்சிட்டதுபோல் இருக்கும். நம் புதியவரின் அளவு 76 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பெடலிலிருந்து சீட் உச்சி வரை இவ்வளவில் 109 சதவீதம் இருந்தால் கால் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது நின்ற இடத்திலேயே நிற்கும் ஆய்வகச் சைக்கிள் என்பது குறிப்பிடத்தக்கது. 76-க்கு அது 82.8. இதில் பெடலைத் தாங்கும் 17 சென்டிமீட்டர் கிராங்கைக் கழித்தால், கிராங்க் அச்சிலிருந்து 65.8. டூர் த பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், தம் பயிற்சியாளர் சிரில் கிமார்ட் வழியாக வந்த வேறொரு கணக்கைப் பரப்பினார்: கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட் உச்சி வரை வரவேண்டிய உயரம் கிடைக்கும். 76-க்கு அது 67.1. இரு தரப்புக்கும் வேறுபாடு ஒன்றேகால் சென்டிமீட்டர்.

அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, பிறகு அளந்து என்ன பயன் என்று இந்த இடத்தில் டைரியைக் கீழே வைப்பவர்கள் அதிகம். அவர்கள் கவனிக்க வேண்டியது இது: அறிஞர்கள் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சண்டையிடுகிறார்கள், அதே லெமாண்ட் வாய்ப்பாட்டில் கால் அளவை 0.67-ஆல் பெருக்கினால் இவருக்கு உரிய பிரேம் 51. இவர் வாங்க நிற்பதோ 56. மேலும் அந்த ஒன்றேகால் சென்டிமீட்டர், சீட் போஸ்ட் போல்ட்டைத் தளர்த்தினால் அரை நிமிடத்தில் தீரும் சண்டை. தீராத சண்டை எது என்பதற்கு இரு தரப்பும் விடை சொல்லவில்லை. அவர்கள் அளந்தது காலை மட்டும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், உடல் குட்டை, மற்றவருக்கு நேர்மாறு. காலை மட்டும் அளந்தால் நெடுங்காலருக்குப் பெரிய பிரேம் தலையில் கட்டப்படும், அதன் நீண்ட பாரை எட்ட அவருக்கு உடம்பு இராது.

ஓசூர்த் தொழிலாளிக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாகுபாடு இந்த இடத்தில் கைகொடுக்கும். அளவு தவறிய பாகங்களில் ரீவொர்க் உண்டு, ரிஜெக்ட் உண்டு. துளை சிறுத்தால் மறுபடி கடையலாம், பெருத்தால் குப்பை. சைக்கிளிலும் அப்படியே. சீட் உயரம் ரீவொர்க். ஹேண்டில்பார் அகலம், தோளைவிட மிகுந்தால் வேறொன்று மாற்றலாம்; ரீவொர்க். பாரின் நீளமோ வார்த்தபடி வார்த்ததுதான். குட்டை ஸ்டெம் போட்டு ஹேண்டில்பாரை அருகே கொண்டுவரலாமே என்பது நியாயமான கேள்வி. 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றி 90 போட்டால் இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும், வண்டிக்கும் பெரிய கேடில்லை. ஐந்து சென்டிமீட்டர் கிடைக்க 60-க்குப் போனால் ஹேண்டில்பார் துடுக்காகும். கைக்குட்டை எடுக்க ஒரு கையை விடுவதும் துணிச்சலான செயலாகிவிடும். சீட்டை முன்னே தள்ளலாமே என்றால், அது கைக்கு வந்த குறையைத் தீர்க்க முழங்காலை ஈடு வைப்பது. சீட்டின் முன்பின் நிலை பெடலோடு கொண்ட உறவு. ஹேண்டில்பார் அதில் தலையிடக் கூடாது. இதன்படி ஒரு விதி கிடைக்கிறது: இரு அளவுகளுக்கு நடுவே தத்தளிக்கும் புதியவர் சிறியதையே எடுக்கட்டும். குட்டைப் பாரை நீட்டச் சற்று நீண்ட ஸ்டெம் போதும். நீண்ட பாரைக் குட்டையாக்க ரம்பம்தான் வேண்டும்.

பந்தயக்காரர்களும் சிறிய பிரேம்தானே எடுக்கிறார்கள், ஆகவே நாமும் அவர்களைப்போல என்று மகிழ வேண்டியதில்லை. அவர்கள் அதில் நீண்ட ஸ்டெம் பூட்டி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, காற்றுக்கு மறைந்து ஓட்ட எடுக்கிறார்கள். முதுகு அதற்குப் பல வருடம் பழகியது. புதியவருக்குச் சிறிய பிரேமில் உள்ள ஆபத்து, ஹேண்டில்பார் மிகத் தாழ்ந்துவிடுவது. பழைய சைக்கிளில் இந்த ஆபத்துக்கு ஒரு மறைவிடம் உண்டு. போர்க்கிலிருந்து மேலெழும் குழாயில் ஸ்டெம்முக்கு அடியில் வளையங்கள் அடுக்கியிருக்கும். உயரம் வேண்டுமானால் வளையத்தை ஸ்டெம்முக்குக் கீழே கூட்டலாம். முதல் உரிமையாளர் பந்தயக்காரராகத் தோன்ற ஆசைப்பட்டு அந்தக் குழாயை ஒட்ட அறுத்திருந்தால், ஸ்டெம்மைக் கவிழ்த்துப் பூட்டிக் கிடைக்கும் இரண்டு சென்டிமீட்டரோடு ரீவொர்க் முடிந்தது. இவ்வாறே, அலுமினிய சீட் போஸ்ட் இரும்பு பிரேமுக்குள் மழையும் வியர்வையும் பட்டு ஆண்டுக்கணக்கில் கிரீஸ் காணாமல் கிடந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். அப்போது ரீவொர்க் என்று மேலே எழுதிய சீட் உயரமும் ரிஜெக்ட் பட்டியலுக்கு மாறுகிறது. வாங்கும் முன் சீட் போஸ்ட்டை ஒரு முறை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகாது. விற்பவர் ‘இப்போதே உங்களுக்குச் சரியாகத்தானே இருக்கிறது’ என்று மறுமொழி சொன்னால், அந்த மறுமொழியும் ஓர் அளவீடே. மேலே இழுத்து வைத்திருக்கும் போஸ்ட்டில், இதற்கு மேல் தூக்காதே என்று கம்பெனி பொறித்த கோடு வெளியே தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். தெரிந்தால் அந்தப் பிரேம் முன்பு யாருக்கோ சிறியதாக இருந்திருக்கிறது.

ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பது அனுபவவாதிகளின் வாதம். எங்கே ஓட்டிப் பார்ப்பது என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே, வழவழப்பான தரையில் இரண்டு சுற்று. அந்த நேரத்தில் எந்தக் கழுத்தும் வலித்ததில்லை. வலி வருவதற்குள் பணம் ஜிபேயில் போயிருக்கும். இவ்வட்டாரத்தின் நிலஅமைப்பு ஏமாற்றத்தை இன்னும் கூட்டுகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம்; சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர் போவதற்குள் சுமார் 400 மீட்டர் இறங்கிவிடுகிறோம். இறக்கத்தில் எல்லாச் சைக்கிளும் எல்லாருக்கும் பொருந்தும். கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும்வரை புதியவர் தம் பேரத் திறமையை மெச்சிக்கொண்டே இருக்கலாம். திரும்பி ஏறும்போது, ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் கையை வைத்துப் பின்னால் நகர்ந்து உட்காரும்போது, பாரின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் தோளில் தன்னை எழுதிக்காட்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும், உயர்ந்திருந்தால் பின்புறமும் வலிக்கும் என்பது பொது அனுபவம். அவை போல்ட்டைத் தளர்த்தினால் தீரும் வலிகள். தோளுக்கும் கழுத்துக்கும் அப்படிப்பட்ட போல்ட் இல்லை.

பழகினால் சரியாகிவிடும் என்பதே மிச்சமிருக்கும் பூர்வபட்சம். அதைப் பேசுவோர் குரங்குப் பெடல் மரபின் வாரிசுகள். உடல் பழகும் என்பதை மறுக்க முடியாது. முதல் மாதத்து உட்காருமிடத்து வலி பொருத்தமான சைக்கிளிலும் வரும், தானே போய்விடும். ஆனால் குரங்குப் பெடல் போட்ட பையன் தெருமுனைவரை போனான், கூடுதலாகப் போனால் மாரியம்மன் கோவில் வரை போனான், கிருஷ்ணகிரி போகவில்லை. வாடகை நேரம் முடிந்தது, சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தான். விலை கொடுத்து வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அவரும் ‘அதிகம் ஓட்டாதது’ என்று எழுதி அடுத்தவருக்கு விற்பார். அடிமாட்டு விலைக்கு வந்ததே என்ற வாதத்துக்கும் இதுவே விடை. ஸ்டெம், டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாற்றத்தக்கவை, அவற்றின் தேய்மானத்தைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பார் நீளத்தைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கியவர், வலியைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறார்.

நடைமுறைக்கு வந்தால், வேண்டியவை ஓர் இஞ்ச் டேப்பும் ஒரு துணையும். தமக்குச் சரியாக இருக்கும் ஒரு சைக்கிளை நண்பரிடமோ பெரிய கடையிலோ ஏறிப் பார்த்து, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை உள்ள தூரத்தையும், அதில் ஸ்டெம்மின் பங்கையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். பிரேக் லீவர் மேல் கை வைத்து, முழங்கை லேசாக மடங்கியபடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தொட்டிருக்கப் பத்து நொடி உட்கார முடிந்தால் அந்தத் தூரம் சரி. துணையாகச் சைக்கிள் பித்தரை அழைத்துப்போவது தவறு. கியர் என்ன ரகம் என்று அவர் விற்பவரோடு பேச ஆரம்பித்தால் இருட்டிவிடும். இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்க்கும், சைக்கிளில் துளியும் ஆர்வமில்லாத ஒருவரே தகுதியானவர். அளவைச் சொல்லி டேப்பைக் கொடுத்தால் நிறத்தையோ விற்பவர் முகத்தையோ பார்க்காமல் அளந்து, தவறினால் ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொள்வார். ஓசூரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஷிப்ட் ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான்.